நாற்காலியில் மனம் எங்கே இருந்தது? காந்தத் தூண்டல் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

## ஏன் இந்தப் பதிவு

மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சை கொடுக்கும்போது காயில் (காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள்) வைத்த இடம், துடிப்புகளின் எண்ணிக்கை, வேகம், வலிமை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் நோயாளியின் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதற்குப் பெரும்பாலான பதிவேடுகளில் இடமே இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னை அந்தக் கருத்துக்குக் கொண்டுவந்த ஒருவரின் சிகிச்சையைத் தொடக்கம் முதல் இங்கே எழுதுகிறேன். அவரும் அவருடைய மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## பின்னணி

வயது நாற்பதுகளின் நடுவில். கொங்குப் பகுதியில் சொந்தமாக விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். நூல் விலை ஏறியபோது வாங்கிய கடன் ஒரு பக்கம், கொடுத்த துணிக்கு வராத பணம் இன்னொரு பக்கம். இரண்டும் நெருக்கியதில் ஓராண்டுக்கு மேலாக மனச்சோர்வு. இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். சாப்பாட்டில் நாட்டமில்லை. தறிக்கூடத்துக்குப் போவார், ஆனால் உள்ளே நுழையாமல் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார் என்று மனைவி சொன்னார். "செத்துப் போனாத் தேவலைனு தோணுதுங்க சார், ஆனா செய்ய மாட்டேன்" என்று முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட்டார். அன்றே மனைவியை உடன் வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று பேசி முடித்தோம். பிறகு ஒவ்வொரு வாரமும் அதை நேரடியாகக் கேட்டோம்.

மனச்சோர்வு மருந்துகளில் எஸ்சிடலோப்ராம் 20 மில்லிகிராம் வரை, அப்புறம் வென்லாஃபாக்சின் 225 மில்லிகிராம் வரை, இரண்டையும் போதுமான காலம் எடுத்திருந்தார். கொஞ்சம் தேறினார், அவ்வளவுதான். பதற்றத்துக்கென்று குளோனசெபம் 0.5 மில்லிகிராம் காலையும் இரவும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலில் அவருடைய மதிப்பெண் 25. அதாவது கடுமையான நிலை. தலையில் உலோகம், வலிப்பு, இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற தடைகள் எதுவும் இல்லை. வென்லாஃபாக்சினைத் தொடர்ந்தபடியே டி.எம்.எஸ். கொடுப்பதென்று முடிவானது.

டி.எம்.எஸ். பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். வேகமாக மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அதே விதியை வைத்து, மண்டை ஓட்டைத் திறக்காமல் மூளையின் மேற்பரப்பைத் தூண்டலாம் என்று 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரின் குழு காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. மயக்க மருந்து கிடையாது. ஆள் விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார், தலையின் இடது முன்பக்கம் காயில் பட்டபடி இருக்கும், டக் டக் என்று சத்தம் வரும். ஆள் விழித்திருக்கிறார் என்பதுதான் இந்த ஆய்வின் மையம். விழித்திருப்பவர் எதையாவது நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

## முதல் நாள் அளவீடு

ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை முதல் நாள் அளந்துதான் தீர்மானிக்கிறோம். கையை இயக்கும் மூளைப் பகுதியின் மேல் காயிலை வைத்து, பத்துத் துடிப்புகளில் குறைந்தது ஐந்துக்குக் கட்டைவிரல் துள்ளும் மிகக் குறைந்த வலிமை எது என்று தேடுவோம். அதுதான் மோட்டார் த்ரெஷோல்டு. சிகிச்சைக்கு அதில் 120 சதவீதம் வைப்பது வழக்கம்.

அவர் அன்று பயத்தோடு வந்தார். "கரண்ட் வெக்கறாங்களாங்க?" என்று மனைவியிடம் வழியெல்லாம் கேட்டிருக்கிறார். விளக்கம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தும், நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். முந்தைய இரவு தூக்கமும் இல்லை. விரல் துள்ளுவதைக் கண்ணால் பார்த்தே அன்று அளந்தோம். இயந்திரத்தின் முழு வலிமையில் 44 சதவீதத்தில் விரல் துள்ளியது. ஆகவே 53 சதவீதத்தில் சிகிச்சை தொடங்கியது.

கொடுத்தது வழக்கமான முறைதான். வினாடிக்கு 10 துடிப்பு வீதம் 4 வினாடி, பிறகு 26 வினாடி இடைவெளி, இப்படி 75 முறை. மொத்தம் 3,000 துடிப்புகள், 37.5 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள்.

## முதல் மூன்று வாரங்கள்

தறிக்கூட வேலையையும் வசூலையும் பார்த்துவிட்டு வர அவருக்குத் தோதாக, மாலை நேரம் ஒதுக்கினோம். பதினைந்து அமர்வுகள் முடிந்தபோது ஹாமில்டன் மதிப்பெண் 25இலிருந்து 21க்கு வந்திருந்தது. மூன்றாம் வார முடிவில் இந்த அளவு மாற்றத்தை வைத்துப் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது, பலருக்கு நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் திருப்பம் வரும். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தளர்வும் தெரியவில்லை. மனைவியும் "வந்து போறதுல சோர்வுதாங்க கூடுது" என்றார்.

எங்கள் டெக்னீஷியன் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் தினமும் ஏதாவது எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர். யாரும் கேட்டு எழுதியதல்ல. மறுஆய்வுக்காக அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. "உட்காரும் முன் போன் வந்தது, சத்தமாகப் பேசினார்." "இடைவெளியில் கண் கலங்கியது." "கையைத் தளர்த்தச் சொன்னேன், மறுபடி இறுக்கிக்கொண்டார்." வியாழன், வெள்ளிப் பக்கங்களில் இவை அதிகம். காரணம் கேட்க வேண்டியதே இல்லை. அந்தப் பக்கத்துத் தறிக்கூடங்களில் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் புரட்ட வேண்டிய இரண்டு நாள்கள் அவை.

அவரிடமே கேட்டோம்: காயில் தட்டும்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள்? தயக்கமே இல்லாமல் சொன்னார். "கணக்குத்தாங்க சார். தட்டற வரைக்கும் ஒண்ணும் ஓடாது. நின்னதும் யாருக்கு எவ்வளவுன்னு ஆரம்பிச்சுரும். மறுபடி தட்டி நின்னா, விட்ட எடத்துல இருந்து ஓடும்."

இந்தப் பதிலைக் கேட்டபின் நேரக் கணக்கை வேறு விதமாகப் பார்த்தோம். 37.5 நிமிடத்தில் துடிப்பு ஓடுவது 5 நிமிடம்தான். மீதி 32.5 நிமிடம் இடைவெளி. ஒரு மனிதரை அசையாமல் உட்காரவைத்து, வேலை எதுவும் கொடுக்காமல், அரை மணி நேரத்துக்கும் மேலாக அவருடைய கவலையோடு தனியே விட்டிருந்தோம். நாளுக்கு நாள், அதே நேரத்தில், அதே நாற்காலியில். வீட்டிலோ கூடத்திலோ இருந்தால் யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போவார், ஒரு டீயாவது குடிப்பார். இங்கே அதற்கும் வழியில்லை.

## ஏற்கெனவே தெரிந்திருந்தவை

மனநிலை மாறினால் தூண்டலின் விளைவும் மாறும் என்பது புதிய யோசனை இல்லை. 2007இல் சில்வாண்டோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு பார்வைச் சோதனை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. பின்மூளையின் பார்வைப் பகுதியைத் தூண்டினால் கண்ணில் ஒளிப்பொறி தெரியும், வழக்கமாக அதற்கு நிறமிருக்காது. ஆனால் ஒருவரை ஒரே நிறத்தைச் சிறிது நேரம் பார்க்கவைத்து, அதற்குப் பிறகு தூண்டினால் பொறி அந்த நிறத்திலேயே தெரிந்தது. தூண்டல் அதேதான். மூளை அப்போது எந்த நிலையில் இருந்தது என்பது மட்டுமே வேறு. மடையைத் திறப்பது நாம் என்றாலும், தண்ணீர் எந்த வாய்க்காலில் எப்படி ஓடும் என்பதை நிலத்தின் ஈரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

சிகிச்சையில் இதை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. எண்ணச் சுழற்சி நோயான ஓசிடிக்கு ஆழ் டி.எம்.எஸ். (இன்னும் ஆழமாகத் தூண்டும் வகை) 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த முறையில் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் நோயாளியின் அச்சத்தைக் கொஞ்சம் கிளறிவிடுவார்கள். அழுக்கு பயமென்றால் அழுக்கானதைத் தொடவைப்பது, பூட்டைச் சரிபார்ப்பவர் என்றால் கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பது போல. நோய்ச் சுற்று உயிர்ப்போடு இருக்கும்போது தூண்டினால்தான் அதை மாற்ற முடியும் என்பது எண்ணம். 2019இல் வெளியான, பல மையங்களில் நடந்த சோதனையில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 38.1 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. ஒப்பீட்டுக்காகத் தூண்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலித் தூண்டல் பெற்றவர்களில் 11.1 சதவீதம்.

அப்படியென்றால் மனச்சோர்விலும் துக்கத்தைக் கிளறினால் நல்லதுதானே என்று தோன்றலாம். 2011இல் இஸ்ரேலில் இஸ்ஸெர்லெஸ் குழு இதைத்தான் சோதித்தது. ஆழ் டி.எம்.எஸ். பெற்ற மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினரை அமர்வின்போது நல்ல நினைவுகளை எழுப்பிக்கொள்ளச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரைக் கசப்பான எண்ணங்களை. கசப்பானதை எழுப்பியவர்களுக்குச் சிகிச்சையின் பலன் கெட்டுப்போனது.

இதைவிட எச்சரிக்கையான பாடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயில் கிடைத்தது. அதிர்ச்சி நினைவைச் சுருக்கமாக எழுப்பிவிட்டு ஆழ் டி.எம்.எஸ். கொடுப்பது சிறிய முதற்கட்ட ஆய்வில் நம்பிக்கை தந்தது. பிறகு 125 பேரை வைத்துப் பல மையங்களில் செய்த சோதனை 2021இல் வெளியானது. இரண்டு குழுவும் தேறியது, ஆனால் போலித் தூண்டல் பெற்றவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள். நினைவை எழுப்புவதால் தானாக நடக்கும் ஆறுதலை உண்மைத் தூண்டல் குலைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆக, கிளறுவது நல்லதா கெட்டதா என்பது நோயைப் பொறுத்தது, தூண்டும் இடத்தைப் பொறுத்தது. எங்கள் நோயாளிக்கு மனச்சோர்வு. தூண்டிய இடம் இடது முன்மடல். இந்தச் சேர்க்கைக்கு அருகில் வருவது 2011 ஆய்வுதான், அவர் தினமும் செய்துகொண்டிருந்ததோ அதில் கெடுதலாக முடிந்த பக்கத்தை.

## எடுத்த முடிவுகள்

பதினாறாவது அமர்வுக்கு முன் உட்கார்ந்து பேசினோம். அவர், அவருடைய மனைவி, டெக்னீஷியன், எங்கள் உளவியலாளர், நான்.

முதலில் த்ரெஷோல்டை மறுபடி அளந்தோம். தசை இறுகியிருந்தால் விரல் குறைந்த வலிமையிலேயே துள்ளிவிடும். பதற்றத்தில் கையை இறுக்கிக்கொள்பவருக்கு அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அதைப் பின்பற்றினால் சிகிச்சையும் குறைந்த வலிமையில் போகும். இந்த முறை கையில் மின்முனை ஒட்டி, தசை அமைதியாக இருப்பதைத் திரையில் உறுதிசெய்துகொண்டு அளந்தோம். கிடைத்தது 50 சதவீதம். அதன் 120 சதவீதம் 60. முதல் பதினைந்து அமர்வுகளில் கொடுத்த 53 என்பது, இந்த அளவோடு ஒப்பிட்டால் 106 சதவீதம்தான். மனநிலை சிகிச்சையின் விளைவை மாற்றுகிறது என்று பேசும்போது எல்லோரும் மூளைச் சுற்றுகளைத்தான் நினைக்கிறார்கள். இப்படி, வெறும் இறுகிய விரல்கள் வழியாகவும் அது நுழைகிறது.

இரண்டாவது, நேரம். மனச்சோர்வில் காலை நேரம்தான் மோசமாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வோம். ஆகவே காலைக்கு மாற்றலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அவரிடம் மணிவாரியாகக் கேட்டபோது நேர்மாறாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அவருக்குக் கவலையில் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மாற்றினோம். வசூலுக்குக் கிளம்பும் முன் வந்துவிட வேண்டும், வழியில் போன் எடுக்கக் கூடாது, வந்ததும் போனை மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, இடைவெளிகளில் என்ன செய்வது. நல்லதையே நினையுங்கள் என்று சொல்வதை உளவியலாளர் தடுத்தார், அவர் தடுத்தது சரி. கடனில் மூழ்கியிருப்பவரிடம் அப்படிச் சொன்னால், அதுவும் முடியவில்லையே என்று இன்னொரு தோல்வியைத்தான் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாக, அவர் கைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பேசவைக்கலாம் என்றார். பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) அறுந்தால் எப்படிப் பிணைப்பது, நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) சிக்கினால் முதலில் எதைப் பார்ப்பது, சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது. டெக்னீஷியன் தறி பார்த்ததே இல்லை. அவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார், இவர் உண்மையிலேயே சொல்லிக்கொடுத்தார். துடிப்பு ஓடும் 4 வினாடியில் அசையக் கூடாது, பேச்சை நிறுத்த வேண்டும். 26 வினாடியில் தொடரலாம். பேசும்போது தலை நகராமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் காயிலின் இடத்தைச் சரிபார்த்தார்.

நான்காவது, குளோனசெபம். இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு டி.எம்.எஸ். பலன் குறைவாக இருப்பதைக் கவனிப்பு ஆய்வுகள் சில காட்டியுள்ளன. மருந்தால் குறைகிறதா, அந்த மருந்து தேவைப்படும் அளவு பதற்றம் உள்ளவர்கள் என்பதால் குறைகிறதா என்பதை அந்த ஆய்வுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் டி.எம்.எஸ். நடுவில் இதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்பு வரக்கூடும். அதனால் காலை மாத்திரையை மட்டும் பாதியாக்கி, பிறகு மெல்ல விலக்கினோம். ஒவ்வொரு படியிலும் த்ரெஷோல்டை மறுபடி பார்த்தோம். இரவு மாத்திரை அப்படியே இருந்தது.

ஐந்தாவதாக ஒரு சின்ன ஏற்பாடு. அமர்வுக்கு முன் மனக்கலக்கத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவரே ஒரு எண் சொல்வார். ஏழுக்கு மேல் போனால் உடனே தொடங்க மாட்டோம். ரத்துசெய்யவும் மாட்டோம். வராந்தாவில் சிறிது நேரம் நடந்து, தண்ணீர் குடித்து, எண் இறங்கியதும் தொடங்குவோம்.

கடனைப் பற்றி நினைக்காதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடன் உண்மையானது. அதற்கென்று உளவியலாளரிடம் வாரம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கினோம். மைத்துனர் கணக்கு தெரிந்தவர், யாருக்கு எவ்வளவு, எதை முதலில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். தலையில் ஓடிய கணக்கு காகிதத்துக்கு இறங்கியது.

## அதன் பின்

முதல் இரண்டு மூன்று நாள் பேச்சு தடுமாறியது. "என்னத்தைச் சொல்றதுங்க அம்மணி" என்று நிறுத்திவிடுவார். "சொல்லுங்கண்ணா, நாடா சிக்குனா?" என்று டெக்னீஷியன் விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார். அந்த வார முடிவில் அவரே முந்திக்கொண்டார். ஒரு நாள், பழைய தறியின் படம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்தார், பேச்சில் புரியவைக்க முடியவில்லையாம்.

இருபதாவது அமர்வில் ஹாமில்டன் மதிப்பெண் 17. முப்பதாவதில் 10. தூக்கம் ஐந்தரை மணி நேரத்துக்கு வந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டதாக நான்காவது வார முடிவில் சொன்னார், அதற்குப் பின்னும் ஒவ்வொரு வாரமும் கேட்டோம். கூடத்துக்குள் நுழைந்து இரண்டு தறியைத் தானே ஓட்டியதாக மனைவி சொன்னது இருபத்தைந்தாவது அமர்வையொட்டி.

எல்லாம் ஒரே சீராகப் போகவில்லை. இருபத்து நான்காவது அமர்வன்று காலையிலேயே கடன் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். இவர் சொன்ன எண் ஒன்பது. கை நடுங்கியது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், ஐந்துக்கு இறங்கியது, பிறகு தொடங்கினோம். அடுத்த நோயாளிக்குத் தாமதமாயிற்று. ஒரே நாற்காலி உள்ள மையத்தில் இது நிஜமான சிக்கல். அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் மறுநாள் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம், அதனால் காத்திருந்ததை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

முப்பதுக்குப் பிறகு மூன்று வாரத்தில் ஆறு அமர்வுகளாகக் குறைத்து முடித்தோம். முடிவில் மதிப்பெண் 8. முழு மீட்சி என்று சொல்ல 7 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அந்தக் கோட்டை அவர் அன்று தொடவில்லை. மூன்றாம் மாதத்தில் 7. ஆறாம் மாதத்தில், பெரிய தொகை ஒன்று வராமல் போனபோது 12க்கு ஏறியது. மறுபடி டி.எம்.எஸ். வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உளவியலாளரின் அமர்வுகளைக் கூட்டினோம், மருந்தைத் தொடர்ந்தோம், இரண்டு மாதத்தில் 9க்கு இறங்கியது.

## இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம்

மனநிலையை மாற்றியதால்தான் பலன் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பதினாறாவது அமர்விலிருந்து வலிமை கூடியது, நேரம் மாறியது, பேச்சு வந்தது, குளோனசெபம் குறைந்தது, கடனுக்கு ஒரு வழி பிறந்தது. ஐந்தும் ஒரே வாரத்தில். எதுவுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் ஐந்தாவது வாரத்தில் தானே தேறியிருக்கலாம், அப்படித் தேறுபவர்கள் உண்டு. ஒரு டெக்னீஷியன் தினமும் அரை மணி நேரம் மரியாதையோடு ஒருவர் பேச்சைக் கேட்டாலே அவர் தேறுவார் என்று யாராவது சொன்னால், அதையும் என்னால் மறுக்க முடியாது.

என்னைக் கேட்டால் இவற்றில் வலுவானது த்ரெஷோல்டு அளவு. அது எண்ணில் தெரிகிறது, மறுபடி அளந்து பார்க்கலாம், காரணமும் தெளிவு. அடுத்து, இடைவெளியில் கவலை ஓடிய விஷயம். அவரே சொன்னதும், பதிவேட்டின் வியாழன், வெள்ளிக் குறிப்புகளும், 2011 ஆய்வும் ஒரே பக்கம் காட்டுகின்றன. நேர மாற்றம் தனியாக எவ்வளவு உதவியது என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை, அது போன் தொல்லையைக் குறைத்ததோடு கலந்துவிட்டது.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கலாமே என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். ஆய்வுக்கு அது நல்லது. ஆனால் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு மீதமிருந்த பதினைந்து அமர்வுகளை ஒவ்வொரு மாற்றமாகச் சோதிக்கச் செலவிடுவது எனக்கு ஒப்பாது. மறுபடி இதே நிலை வந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவேன்.

## இப்போது வேறாகச் செய்வது

எங்கள் மையத்தில் இப்போது த்ரெஷோல்டைத் தசை மின்பதிவு இல்லாமல் அளப்பதில்லை. முதல் நாள் பயத்தோடு வருபவர்களுக்கு முதல் வாரத்துக்குள் இரண்டாவது முறையும் அளக்கிறோம். முதல் நாளில் சிகிச்சையைத் தொடங்காமல், நாற்காலியில் உட்காரவைத்து, சத்தத்தைக் கேட்கவைத்து, காயிலைத் தன் கையின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. ஒரு நாள் போகும், ஆனால் அடுத்த நாள் கை தளர்ந்திருக்கும்.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன: நேற்றிரவுத் தூக்கம், இப்போதைய கலக்கம் எத்தனை, இடைவெளியில் மனம் எங்கே போனது, முடிந்தபின் கலக்கம் எத்தனை. மூன்றாவதை டெக்னீஷியன் அமர்வு முடிந்ததும் கேட்கிறார். கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டியிருக்கிறது. "கெட்டதா ஏதும் நெனச்சீங்களா?" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "மனசு எங்க போச்சு?" என்றால் சொல்கிறார்கள்.

முறையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு மாற்றம். தீட்டா பர்ஸ்ட் என்ற குறுகிய முறை மூன்று நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். 414 பேரை வைத்துக் கனடாவில் நடந்த, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சோதனையில் அது 37.5 நிமிட முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. அசைபோடும் மனம் உள்ளவர்களுக்கு, வேறு தடையில்லை என்றால், நான் இப்போது அதையே முதலில் யோசிக்கிறேன். உட்காரும் நேரம் குறையும்போது கவலை ஓடும் நேரமும் குறைகிறது. ஆனால் நாற்காலிக்கு வருமுன் இருக்கும் நிலை அப்படியே இருக்கும், அதனால் போனை வெளியே வைக்கும் ஏற்பாடும் கலக்கம் இறங்கும்வரை காத்திருப்பதும் தீட்டா பர்ஸ்டுக்கும் தொடர்கின்றன.

ஓசிடிக்கு வருபவர்களுக்கு இதே விதிகளைப் பொருத்துவதில்லை. அவர்களுக்கு அமைதிப்படுத்தி உட்காரவைப்பதே தவறாகப் போகலாம். எந்த அச்சத்தை, எவ்வளவு கிளறுவது என்பதை உளவியலாளர் ஒவ்வொருவரோடும் முன்கூட்டியே பட்டியலிடுகிறார். மனச்சோர்வும் ஓசிடியும் சேர்ந்து வருபவர்களுக்கு எதை முதலில் எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம். பழைய அதிர்ச்சி உள்ளவர்களிடம், அந்த நினைவை அமர்வுக்கு அருகில் நாங்களாக எழுப்புவதே இல்லை. தானாக வந்தால் தூண்டலை நிறுத்தி, அது அடங்கிய பிறகே தொடர்கிறோம்.